பேர் நின்ற பிறகும் நடப்போம்

(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபது, முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவர்கள் நாம். பேர் நின்ற பிறகு லயத்து வாசலோடு இருந்துவிடுகிறோம். "பட்ட பாடு போதாதா? இனி எதுக்கு உடற்பயிற்சி?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஓய்வு நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் உழைத்த காசு சேமலாப நிதியில் கிடப்பதுபோல, உழைத்த பலம் உடம்பில் கிடக்காது. நடப்பதை நிறுத்தினால் கால் தசை மெலிகிறது. இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் குறைகிறது. அன்று கூடையோடு ஏறிய படியில் இன்று வெறுங்கையோடு ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. வயசு மட்டும் இதற்குக் காரணமல்ல.

போன பலம் திரும்புமா? அமெரிக்காவில் 464 பெண்களை வைத்து ஆறு மாதம் ஆய்வு செய்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள்; உடல் பருமனும் கூடிய இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்; உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள். வாரத்துக்குச் சுமார் 72 நிமிடம் மிதமான பயிற்சி செய்த பிரிவினருக்கே, உடம்பு ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் 4 வீதமளவு கூடியது. சுமார் 190 நிமிடம் செய்தவர்களுக்கு 8 வீதமளவு கூடியது. 72 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்குப் பத்து நிமிடம்தான்!

மிதமான நடை எது? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வேகப்பட வேண்டும். முதலில் சமமான பாதையில் பத்து நிமிடம். பழகப் பழகக் கூட்டுவோம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வழுக்காத செருப்புப் போடுவோம்; தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவோம்.

பிரஷர், சீனி, இருதய நோய், இழுப்பு உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிற்க வேண்டும். நெஞ்சுவலி தொடர்ந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நடை மட்டும் போதாது. விறகுப் புகை நிறைந்த குசினி நுரையீரலைக் கெடுக்கிறது. புகைபோக்கியும், உடைந்த படிகளைத் திருத்துவதும், பாதைக்கு வெளிச்சமும் நம் கோரிக்கைகளில் சேர வேண்டும். இன்னும் மலைக்குப் போகும் பெண்களுக்கு நடையில் குறைவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், குடிதண்ணீரும், மலசலகூடமும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் அப்பாயி, அம்மாயி தலையில்தான். மாலையில் அரை மணி நேரம் அந்த வேலையை நீங்கள் பாருங்கள். அவர்கள் நடந்துவிட்டு வரட்டும்.

இந்த வாரமே ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேராவது தொடங்குவோம்.