பட்டியலுக்குள் ஒரு பாதுகாப்பு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை வாங்குகிறவர்கள் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் இருக்காது. மருந்தின் மூலப்பெயரும், விற்பனைக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையாத மருந்துகளுக்குப் பட்டியல் வகுத்து, டெண்டரில் மொத்தமாக வாங்கி, மாதிரிகள் ஆய்வகத்தில் தேறிய பிறகே கிடங்கிலிருந்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே இப்படியொரு மாதிரிப் பட்டியலை வெளியிட்டது.

பட்டியல் போட்டால் டாக்டரின் கையைக் கட்டிப்போட்டது போலாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே பாராசிட்டமால் இரண்டு பெயரில் வந்தால், காய்ச்சல்காரர் வேறு மருந்தென்று நம்பி இரண்டையும் விழுங்கிவிடுவார். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். பெயர் ஒன்றானால் அந்த ஆபத்து குறையும். பட்டியலில் இல்லாத மருந்து அவசியமானால் உள்ளூரில் வாங்கவும் வழியுண்டு. பட்டியலும் கல்வெட்டு அல்ல, அவ்வப்போது திருத்தப்படுகிறது. எதைச் சேர்ப்பது என்பதோடு, எதை, ஏன் விடுவது என்பதையும் கற்பதுதான் பயிற்சி மருந்தாளுநருக்குக் கடினமான படிப்பு என்பேன்.

வெளிக்கடையில் வாங்கிய மாத்திரையும் சாப்பிடுகிறீர்களா? அடுத்த முறை அந்த அட்டையையும் அரசு மருந்தகத்தில் மறக்காமல் காட்டுங்கள்.