சீமெந்துச் சூளையின் கரிவாயு: சுமையைத் தாங்குவோர் யார்?



சீமெந்து இன்றி இன்று வீடு இல்லை, பாலம் இல்லை, துறைமுகம் இல்லை, வைத்தியசாலையும் பாடசாலையும் இல்லை. லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் அஸ்ப்டின் 1824ஆம் ஆண்டில் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இருநூறு ஆண்டுகள் கழிந்த இன்று, உலகம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 400 கோடி தொன் சீமெந்தை உற்பத்தி செய்கின்றது. மனிதன் காற்றிற் கலக்கும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இக்கைத்தொழில் ஒன்றிலிருந்தே எழுகின்றது. இதனைத் தடுக்கும் வழி என்ன, அவ்வழிக்கான செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

கல்லில் அடங்கிய வாயு

புகைக்குக் காரணம் நிலக்கரியே என்றும், நிலக்கரியைக் கைவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்றும் பலர் எண்ணுகின்றனர். மின்சார உற்பத்தியைப் பொறுத்தவரை அது சரியாகலாம். சீமெந்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மையும் அன்று.

சுண்ணாம்புச் சூளையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளையில் இட்ட கல், வெந்து வெளிவரும்போது பாரம் குறைந்திருக்கும். தூய சுண்ணக்கல் 100 இறாத்தல் வெந்தால் எஞ்சும் சுண்ணாம்பு 56 இறாத்தல்; மற்றைய 44 இறாத்தலும் கரியமிலவாயுவாகப் பறந்துவிடுகின்றது. சீமெந்துச் சூளையிலும் இதுவே நிகழ்கின்றது. அங்கே சுண்ணக்கல்லும் களிமண்ணும் சேர்ந்து ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் வெந்து கிளிங்கர் ஆகின்றன. ஆலை வெளிவிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 60 பங்கு அளவு கல்லிலிருந்தே வருகின்றது; எஞ்சியதே எரிபொருளின் பங்கு. எரிபொருளை மாற்றலாம், கல்லின் இயல்பை எந்தச் சட்டமும் மாற்றாது. ஆகவே, அவ்வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து அடைப்பதைப் பற்றி விஞ்ஞானிகள் சிந்திக்கலாயினர்.

நோர்வே காட்டிய வழி

அச்சிந்தனை இன்று செயலாகியுள்ளது. நோர்வே நாட்டின் தென்கரையிலே, பிறெவிக் என்னும் ஊரில், ஹைடல்பேர்க் என்னும் ஜேர்மன் கம்பனியின் சீமெந்து ஆலை இருக்கின்றது. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்கே வாயுவைப் பிடிக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது.

அது தொழிற்படும் முறை இதுவாகும். சூளையின் புகையைக் குளிரச்செய்து உயர்ந்த கோபுரமொன்றினுள் செலுத்துகின்றனர். அங்கே அமீன் என்னும் இரசாயனக் கரைசல் கரியமிலவாயுவை மாத்திரம் பற்றிக்கொள்ள, ஏனைய வாயுக்கள் வெளியேறிவிடுகின்றன. பின்னர் அக்கரைசலைச் சூடாக்கினால், பற்றிய வாயுவை அது விட்டுவிடும். கரைசல் மீண்டும் பயன்படும். இதற்கு வேண்டிய வெப்பத்திற் பெரும்பகுதி, ஆலையில் வீணாகிய வெப்பமே. பிரித்த வாயுவை அழுத்தித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, மேற்குக் கரைக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் நீளமான குழாய்வழியே அனுப்பி, கடலடியிலிருந்து 2,600 மீற்றர் ஆழத்திலுள்ள பாறைப் படைகளுள் செலுத்துகின்றனர். 2025 ஓகஸ்ட் மாதத்தில் முதன்முதலாக வாயு அங்கே செலுத்தப்பட்டது.

ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் வாயுவைப் பிடிப்பது நோக்கம். அது அவ்வாலை வெளிவிடுவதில் ஏறக்குறைய பாதியாகும். உலகின் சீமெந்து ஆலைகள் யாவும் வெளிவிடுவதோ ஆண்டுக்கு 200 கோடி தொன்னுக்கும் மேல். கணக்கிட்டுப் பாருங்கள்: இத்தகைய நிலையங்கள் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும்!

செலவு யாருடையது?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். இந்நிலையத்தை எழுப்பியது வர்த்தகச் சந்தையா? அன்று. 2020ஆம் ஆண்டில் நோர்வே அரசாங்கம் முன்வைத்த திட்டத்தின்கீழ், செலவின் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்றது. வடகடலின் எண்ணெயையும் எரிவாயுவையும் விற்றுச் செல்வம் சேர்த்த நாடு, அச்செல்வத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியது. இதை நாம் குறை கூறவில்லை, பாராட்டுகின்றோம். ஆனால், எண்ணெய்ச் செல்வம் இல்லாத நாடு என் செய்யும்?

2026 சனவரி முதலாம் நாள் தொடக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தினுள் வரும் சீமெந்துக்கு, அதன் கரிவாயுவின் அளவைக் கொண்டு கட்டணம் விதிக்கும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்துள்ளது. தம் ஆலைகளும் கட்டணம் செலுத்துகின்றன என்று அவர்கள் வாதிக்கலாம். ஆனால், 2005இல் அவர்களது கரிவாயுச் சந்தை தொடங்கிய பின்னர், நெடுங்காலமாக அவர்களுடைய சீமெந்து ஆலைகளுக்கு அனுமதிப் பத்திரங்கள் பெருமளவில் இலவசமாகவே வழங்கப்பட்டன. அச்சலுகை முற்றாக நீங்குவது 2034இலேயே. தம் ஆலைகளுக்கு இத்தனை ஆண்டு அவகாசம் அளித்தவர்கள், எகிப்தின் ஆலைக்கும் அல்ஜீரியாவின் ஆலைக்கும் எவ்வளவு அளித்தார்கள்? கட்டணம் வாங்குவது நியாயமானால், அப்பணம் வறிய நாடுகளின் சூளைகளைத் திருத்துவதற்குத் திரும்பிச் செல்வதும் நியாயமே. அதுவன்றி வாங்கும் கட்டணம் பூமியைக் காக்கும் கட்டணமாகாது. வாசலில் வாங்கும் சுங்கமாகவே முடியும்.

நம் கடமை

பிறரைக் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தினால் மூடப்பட்டது. கல் அகழ்ந்த குழிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே மீண்டும் சூளை மூட்ட வேண்டும் என்போர், மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை கூறவேண்டும். எழும் வாயுவை என்ன செய்வீர்கள்? அதற்கான செலவை எவர் தருவார்? குடாநாட்டின் கிணற்று நீரைத் தாங்கி நிற்பதும் அதே சுண்ணக்கல்லே என்பதை மறந்தீர்களா?

கோடிக்கணக்கில் முதலிட்டு வாயுவைப் பிடிக்குமுன், அது எழாமற் செய்யும் மலிவான வழிகளும் உண்டு. சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணக்கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைத்தால், கரிவாயு நூற்றுக்கு 40 பங்கு வரை குறையும். அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் சீமெந்திற் சேர்க்கலாம். கொட்டும் கொன்கிறீற்றை அளவறிந்து கொட்டலாம். இவற்றுக்கு எண்ணெய்க் கிணறு வேண்டியதில்லை. ஒழுங்கும் கண்காணிப்புமே வேண்டும்.

இவற்றைச் செய்த பின்னரும் கல்லின் வாயு ஓரளவு எஞ்சும். அதற்கே பிறெவிக் காட்டிய வழி வேண்டும். அவ்வழி செல்வந்த நாடுகளுக்கு மாத்திரம் திறந்திருக்கும் வழியாக இருத்தலாகாது. காற்றுக்கு எல்லையில்லை. அதைக் காக்கும் அறிவுக்கும் எல்லை வகுத்தலாகாது என்பதே நமது கோரிக்கை.