கமுதி வெயிலும் வீட்டு மின்விசிறியும்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் பெரிய சூரிய மின்நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. சூரியத் தகடு தருவது நேர்திசை மின்சாரம். ஒரே பக்கமாக ஓடும். வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வரும். நேர்திசையை மாறுதிசையாக்குவது இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் பேட்டரியை வைத்து மின்விசிறியைச் சுற்றவிடும் பெட்டி இருக்கிறதே, அதன் வேலையும் அதுதான். கமுதியில் இருப்பது அதற்குப் பெரிய அண்ணன்.

பொறியியல் கல்லூரியில் மின்னியல் மாணவர்கள் 'பவர் எலக்ட்ரானிக்ஸ்' என்று படிப்பதில் இந்த மாற்றமும் முக்கியம். நேர்திசை, மாறுதிசையாவது எப்படி என்பதே கேள்வி. நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகளே அதற்கு விடை.

இன்னொன்று. வெயில் கொளுத்தினால் மின்சாரம் கொட்டும் என்பது பாதி உண்மைதான். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு ஏறினால் உற்பத்தி சற்றுக் குறையும்.