ஈர விறகும் அம்மாவின் கழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்த நான் தைராய்டு சுரப்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று முன்வரிசை நண்பர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம், என் அம்மா.

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர். விடியும் முன்னே போடியில் ஜீப் ஏறினால் முந்தல் தாண்டி, போடிமெட்டு தாண்டித் தோட்டம். திரும்பும்போது விளக்கு வைத்திருப்போம். நான் இரண்டாம் ஆண்டு படிக்கையில் அவர் கழுத்தின் முன்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்வார். நடை தளர்ந்தது, குரல் கம்மியது, சித்திரை வெயிலிலும் குளிருது என்பார். கங்காணி சோம்பேறி என்றார். நானும் ஒருநாள் சாப்பாடு தாமதமானதற்கு, "ஏம்மா இப்படி ஆமை மாதிரி இருக்க?" என்று கத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசி போட்டு உறிஞ்சிய திசுவையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிட்டு, புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார். நுண்ணோக்கியில் தெரியும் தைராய்டு. குட்டிக் குட்டி உருண்டைப் பைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு பைக்கும் ஒரே வரிசைச் செல்களால் ஆன சுவர். உள்ளே கூழ் மாதிரி ஒரு பொருள். பைகளைச் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இருப்பதுபோல இதற்குக் குழாய் கிடையாது. சரக்கு நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். கணையத்தின் திட்டுகளும் அட்ரினலும் இந்தக் குடும்பம்தான். ஆனால், செய்த சரக்கைச் செல்லுக்கு வெளியே பையில் போட்டு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேமித்து வைக்கும் குடோன் வசதி தைராய்டுக்கு மட்டுமே உண்டு.

அந்தச் சரக்கு தைராக்ஸின். ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். ஒன்றைக் கழற்றினால் மூன்று அணு உள்ள, வீரியம் கூடிய இன்னொரு ஹார்மோன். உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி எல்லாம் இவற்றை நம்பித்தான்.

சரக்கு குறைந்தால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அவர் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர். பச்சைக்காய் உலரும் அறையில் சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும்; ஏறினால் காயின் பச்சை நிறம் போய்விடும். தெர்மாமீட்டரைப் பார்த்து மேஸ்திரி சத்தம் போடுவார், அப்பா விறகு தள்ளுவார். சூடு ஏறினால் சத்தம் அடங்கும். நாம் கன்ட்ரோல் சிஸ்டம் பேப்பரில் படித்த ஃபீட்பேக் இதுதான். உடம்பில் மேஸ்திரி, மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி. அவர் போடும் சத்தத்துக்குப் பெயர் டி.எஸ்.எச்.

விறகு ஈரமாக இருந்தால்? மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார், சூடு ஏறாது. அடுப்பைப் பெரிசாக்கிப் பார்ப்பார்கள், இன்னொரு அடுப்பு மூட்டிப் பார்ப்பார்கள். அயோடின் இல்லாத தைராய்டும் அதைத்தான் செய்கிறது. தட்டையாக இருந்த சுவர்ச் செல்கள் உயர்ந்து நிற்கின்றன, பைகள் பெருகுகின்றன, சுரப்பி வீங்குகிறது. அம்மா கழுத்தில் இருந்தது சோம்பேறித்தனம் இல்லை. இரவும் பகலும் வேலை பார்த்தும் சரக்கு வராத ஒரு பட்டறை.

"வீட்டில் என்ன உப்பு?" என்றார் டாக்டர். தெருவில் படியில் அளந்து விற்கும் கல்லுப்பு. "கடல் உப்புதானே, அதில் அயோடின் இல்லையா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அயோடின் அதில் பெயருக்குத்தான் தங்குகிறது. மலைச்சரிவு மண்ணிலோ மழை அதைக் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது.

இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து இரண்டுக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டிலும் கழலை நன்றாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்தது எங்கே தெரியுமா? தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆலையில்! பெல்ட்டில் ஓடும் உப்பின்மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கும் இயந்திரம் என் பொறுப்பு. ஒரு டன் உப்புக்கு சுமார் 50 கிராம் போதும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். எழுபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் 4 கிராம் வராது. இவ்வளவு சின்ன விஷயம். ஆனால் 2018-19 தேசிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நாம்தான் கடைசி. உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், தங்கைகளுக்கு. கழுத்து வீக்கம் எல்லாம் உப்பினால் வருவதில்லை. ஜப்பானில் ஹாஷிமோட்டோ என்ற டாக்டர் 1912-இல் எழுதிய இன்னொரு வகை உண்டு. அதில் பைகளுக்கு நடுவே நம் வெள்ளையணுக்களே புகுந்து சுவரை இடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அம்மாவுக்கு அது இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே டாக்டர் முடிவு சொன்னார். அதனால் உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

அம்மா இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறார். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. என்னைவிட வேகமாக நடக்கிறார். அன்றைக்குக் கத்தியதற்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். "எப்பப்பா கத்துன?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்தது மாதிரி சொன்னாரா தெரியவில்லை.

என் பையில் உப்பைச் சோதிக்கும் சொட்டு மருந்து ஒரு சீசா இருக்கிறது. ஒரு சொட்டு விட்டால், அயோடின் சேர்த்த உப்பு ஊதா நிறமாகும். சேர்க்காதது வெள்ளையாகவே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாஸ்டல் சமையலறைக்குள் போக வார்டன் அனுமதி தந்திருக்கிறார். வருகிறவர்கள் என்னோடு வரலாம்.