செவ்வந்தியும் தெருவிளக்கும்
(சங்க ஆண்டு விழாவில் தோட்டக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பட்டிமன்றத்திற்கும் இசைநிகழ்ச்சிக்கும் இடையே கால் மணி நேரத்தைத் தோட்டக் குழுவிற்கென்று செயலாளர் ஒதுக்கியிருக்கிறார். அடுத்த அறையிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருக்கும் வேளையில் பூவைப் பற்றிப் பேசுவது எளிய செயலன்று. எனினும் இச்சபைக்கு நாங்கள் தீர்க்க வேண்டிய பழைய கடன் ஒன்று இருப்பதால் ஒப்புக்கொண்டோம். கடன் இன்னதென்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

எங்கள் குழு 2015ஆம் ஆண்டில் ஒன்பது வீட்டார் கூடித் தொடங்கியது. டில்லிக் குடியிருப்பில் நமக்கு வாய்த்த நிலம் எவ்வளவு என்பதை நீங்கள் அறிவீர்கள். பால்கனியில் நாலடி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை, சங்கக் கட்டடத்தின் மதிலோரமாக ஒரு நீண்ட வரப்பு. இவ்வளவே. இதில் என்ன வளர்க்கலாம் என்று பேசியபோது ஒருவர் ரோஜா என்றார், ஒருவர் கத்தரிக்காய் என்றார். முடிவில் செவ்வந்தியே வென்றது. தொட்டியில் வளரும், பனிக்காலத்தில் பூக்கும், அதற்கென்றே கண்காட்சிகளும் நடக்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, அது நமக்குப் பழகிய பூ.

பழகிய பூ என்று நினைத்தது எங்கள் முதல் பிழை. நாம் ஊரில் அறிந்த சாமந்தி, கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் வயல் வயலாக விளைந்து, கிலோக் கணக்கில் சந்தைக்கு வந்து, முழக் கணக்கில் நம் கைக்கு வருவது. கண்காட்சிச் செவ்வந்தியோ ஒரு செடிக்கு மூன்றே பூ, ஒவ்வொன்றும் சிறு குழந்தையின் தலை அளவு. இரண்டும் ஒரே குலம் என்றாலும், வளர்க்கும் முறையில் ஒன்றுக்கொன்று வெகு தூரம். வடநாட்டார் இதனைக் குல்தாவுதி என்பார்கள். சீனத்தில் பன்னூறு ஆண்டுகளாகப் பேணப்பட்ட பூ இது. சப்பானியருக்கோ பதினாறு இதழ் கொண்ட செவ்வந்தி அரச முத்திரையாகவே அமைந்துவிட்டது. நம் நாட்டிலும் பூச்செடி வளர்ப்போர் சங்கங்கள் பழமையானவை. கல்கத்தாவில் வில்லியம் கேரி 1820இல் தோற்றுவித்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் அலிப்பூரில் இருக்கிறது. சென்னைச் சங்கம் 1835இல் பிறந்தது. இலட்சுமணபுரித் தாவர ஆராய்ச்சி நிலையமும் சண்டிகர் நகரமும் டிசம்பரில் செவ்வந்திக்கென விழா எடுக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், மறு ஆண்டே நாமும் காட்டுவது என்று துணிந்தோம்.

2016ஆம் ஆண்டு ஜூலையில் போத்துகள் வாங்கி நட்டோம். செடிகள் வாட்டமின்றி வளர்ந்தன. இருபது தொட்டிகளையும் மதிலோரத்தில், தெருவிளக்கின் நேர் கீழே, அணிவகுத்து வைத்தோம். இரவில் யாரும் எடுத்துப்போய்விடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். ஐப்பசி கழிந்தது. பக்கத்துக் காலனியில் செவ்வந்தி நிறம் காட்டத் தொடங்கியது. எங்கள் செடிகளோ இடுப்பு உயரத்திற்கு இலையும் தழையுமாக நின்றனவேயன்றி மொக்கு விடவில்லை. உரம் கூடிவிட்டது என்றார் ஒருவர்; குறைந்துவிட்டது என்றார் மற்றொருவர். கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றியவர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. மதில் திரும்பும் மூலையில், தூணின் நிழலுக்குள் ஒதுங்கியிருந்த ஒரே ஒரு தொட்டி மட்டும் மொக்கு விட்டது. அதனை நாங்கள் பார்த்தோம். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

கண்காட்சிக்குச் சங்கத்தின் பெயரில் கட்டணம் கட்டியாயிற்று. வெறுங்கையுடன் போனால் தமிழர்களுக்குச் செவ்வந்தி வளர்க்கத் தெரியவில்லை என்பார்களே என்ற எண்ணம் எங்களைப் பிடித்து ஆட்டியது. இரண்டு நாள் இருக்கும்போது ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்று, பூத்து நின்ற மூன்று தொட்டிகளை விலைக்கு வாங்கினோம். புதியவர்களுக்கான பிரிவில் வைத்தோம். இரண்டாம் பரிசு கிடைத்தது.

காட்டுபவர் தம் கையால் வளர்த்த செடியாக இருத்தல் வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தின் அடியில் அதற்கென்று கையொப்பமும் இட்டிருந்தோம்.

அன்று மாலை ஒரு வயதான மாலி கூட்டத்தினூடே வந்து எங்கள் தொட்டிகளின் முன் நின்றார். மூங்கில் குச்சியில் செடியைக் கட்டியிருந்த சணல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் இட்ட முடிச்சு. ஆறு மாதம் அவர் வளர்த்த செடி. எங்கள் முகத்தைப் பார்த்தார். பரிசுச் சீட்டைப் பார்த்தார். பின்னர், "பாபுஜி, நடுத் தொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை" என்று சொல்லி, தாமே ஒரு குவளை நீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார். நடுவர்களிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

2017ஆம் ஆண்டு சனவரியில், இதே மேடையில், அந்தக் கோப்பையை உயர்த்திக் காட்டினோம். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் நாங்கள் சொன்ன கடன். இரண்டு வாரம் நூலகக் கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பை பிறகு எங்கே போயிற்று என்று சிலர் கேட்டீர்கள். மெருகிடக் கொடுத்திருக்கிறோம் என்று மழுப்பினோம். உண்மையில் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார், "அடுத்த வீட்டுக் குழம்பைக் கிண்ணம் மாற்றிப் பந்தியில் வைத்துவிட்டோம், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை" என்றார். கடிதம் எழுதி, கோப்பையுடன் அமைப்பாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்க எந்தப் பதிவேட்டில் இடம் என்று அவர்கள் வெகு நேரம் தேடினார்கள். முடிவில் வாங்கிக்கொண்டு, அந்த ஓராண்டு மட்டும் கலந்துகொள்ள வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார்கள். இதனை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லும் துணிவு இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. பொறுத்தருள வேண்டுகிறோம்.

அங்கிருந்து நேரே நாற்றுப்பண்ணைக்குப் போய் மாலியைக் கண்டோம். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, செடிகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு மாலைப்பொழுதில் வந்து மதிலோரத்தைப் பார்த்தார், தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "செடியைத் தூங்கவே விடவில்லையே! பிறகு எப்படிப் பூக்கும்?" என்றார்.

நம் சங்கத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர் பின்னர் அதனை விளக்கினார். 1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர், செடி பூப்பதற்கும் பகலின் நீளத்திற்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். பகலைவிட இரவின் நீளமே முதன்மையானது என்பது பின்னர் தெரியவந்தது. செவ்வந்தி நீண்ட இரவை எதிர்நோக்கும் செடி. இருள் தொடர்ச்சியாக நீளும்போதுதான் அதன் நுனி இலையை விட்டு மொக்காக மாறும். இடையில் விளக்கு எரிந்தால், இன்னும் கோடை என்று நினைத்துத் தழைத்துக்கொண்டே இருக்கும். பூ வணிகர்கள் இதனையே தொழிலாக்கி, வேண்டும்போது விளக்கேற்றிப் பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள். கறுப்புத் துணியால் மூடி முன்னதாகப் பூக்கவைக்கிறார்கள். டில்லியில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். டிசம்பர் கடைசியில் 10 மணிக்குச் சற்று மேல். சென்னையில் கோடைப் பகலுக்கும் பனிக்காலப் பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. இங்கு வந்த புதிதில் மாலை ஐந்தரைக்கே இருட்டுகிறதே என்று நாம் அலுத்துக்கொள்வோம் அல்லவா? அந்த இருட்டில்தான் இந்தப் பூவின் பிறப்பு இருக்கிறது.

காட்ட முடியாத அந்த 2017ஆம் ஆண்டில்தான் நாங்கள் உண்மையில் வளர்க்கக் கற்றோம். ஞாயிறுதோறும் மாலி வந்தார். மழைக்காலத்தில் வேரில் நீர் தேங்கினால் செடி போயிற்று. பெருமழையன்று தொட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்துவைக்கச் சொன்னார். நான்கு அங்குலத் தொட்டியிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து பத்துக்கும் படிப்படியாக மாற்ற வேண்டும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைப்பது, குழந்தைக்கு அப்பாவின் சட்டையை மாட்டுவது போன்றது. மண்ணுடன் மட்கிய இலை, பழைய சாண எரு, கொஞ்சம் மணல், ஒரு பிடி எலும்புத் தூள். ஆகஸ்டில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். அவற்றுள் ஒத்த வலிமையுள்ள மூன்றை மட்டும் நிறுத்துவது. கடுகுப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளித்த நீரை விளாவி ஊற்றுவது. அதன் மணத்தால் எங்கள் வீடுகளில் எழுந்த வழக்குகளை இங்கே விரிக்கவில்லை. மொக்கு நிறம் காட்டியதும் உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது அக்டோபரில் மொக்குக் கிள்ளுவது. ஒவ்வொரு கிளையிலும் நடு மொக்கு ஒன்றை நிறுத்தி, சூழ்ந்து வரும் மற்றவற்றையெல்லாம் மிளகளவிலேயே நகத்தால் எடுத்துவிட வேண்டும். வாழ்நாளெல்லாம் மொக்கை ஒன்றுவிடாமல் பறித்துத் தொடுத்த கை நம் தாய்மார்களுடையது. நல்ல மொக்கைக் கிள்ளி எறி என்றால் அக்கை எப்படி ஒப்பும்? திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஓர் அம்மையார் கிள்ளிய மொக்குகளை ஒரு தட்டில் சேர்த்து, பூசை அறையில் கொண்டுபோய் வைத்தார். மாலி அதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தாம் கிள்ளியதையும் கீழே போடாமல் அந்தத் தட்டிலேயே போட்டார்.

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வோர் இதழும் தனிப் பூ. அவை உள்நோக்கி வளைந்து பந்தாகின்றனவா, வெளிநோக்கி மடிகின்றனவா, சிலந்திக் கால்போல நீள்கின்றனவா என்பதைக் கொண்டே கண்காட்சியில் வகை பிரிக்கிறார்கள். நடுவர் பூவைப் பார்ப்பதற்கு முன் தொட்டியின் விளிம்பைப் பார்ப்பார். அடியிலை வரை பசுமையாக இருக்க வேண்டும். மூன்று பூவும் ஒரே உயரத்தில், ஒரே பருவத்தில் நிற்க வேண்டும். தீபாவளிக்குப் பின் டில்லியில் படியும் புகையும் தூசியும் நாம் அறிந்தவையே. காலைதோறும் இலைகளை ஈரத் துணியால் துடைத்த பிள்ளைகள் இந்த அவையில் முன்வரிசையில் இருக்கிறார்கள். கறுப்பு அசுவினியை விரலால் வழித்து எடுத்தவர்களும் அவர்களே.

2018இல் பதினொரு தொட்டி வளர்த்தோம். மூன்று தேறின, ஸ்நோபால் என்னும் வெள்ளை வகை இரண்டு, சோனார் பங்களா என்னும் மஞ்சள் ஒன்று. கோப்பை கிடைக்கவில்லை. பாராட்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. நூலகத்தில் சுவரில் இருக்கிறது. மாலி வந்து பார்த்தார். மஞ்சளில் அடியிலை இரண்டு பழுத்துப் போனதைச் சுட்டிக்காட்டினார். முடிச்சு மட்டும் சரியாக இருக்கிறது என்றார்.

2020இல் பெருந்தொற்றினால் எங்கும் செல்ல இயலவில்லை. அவரவர் பால்கனியில் பூத்ததை எதிர்வீட்டார் பார்த்தார்கள். அதுவே அவ்வாண்டுக் கண்காட்சி. தொடங்கிய ஒன்பது வீட்டாரில் ஐந்து வீட்டார் இப்போது டில்லியில் இல்லை. மாற்றல் வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள். பூ முடிந்தபின் தண்டை வெட்டிவிட்டால் வேரடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றை அடுத்த வீட்டிற்குக் கொடுத்துவிட்டே ஒவ்வொருவரும் புறப்பட்டார்கள். திருச்சி அம்மையார் மட்டும் நான்கு கன்றுகளை ஈரத் துணியில் சுற்றி இரயிலில் கொண்டுபோனார். இரண்டு பிழைத்ததாம். பூ உள்ளங்கை அளவைத் தாண்டவில்லையாம். அதனால் என்ன, தலையில் வைத்துக்கொள்ள அதுவே வசதி என்று எழுதியிருந்தார்.

மாலிக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. தாய்ச்செடிகள் நாற்பது எங்களிடம் இருக்கின்றன. பராமரிக்கும் கைகள்தாம் குறைவு. வரும் ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் போத்துகள் கொடுக்கப்படும், விலை இல்லை. நான்கு அங்குலத் தொட்டி ஒன்றை அவரவர் கொண்டு வாருங்கள். அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் தெருவிளக்கு விழாத மூலை எது என்பதை இன்று இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.