ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்

  

நான் தொழுநோய் மருத்துவன். காலையில் புறநோயாளிப் பிரிவு, சில மாலைகளில் வானொலி நிலையம் என்று என் பணிக்காலம் ஓடியது. நேயர்கள் நிறையக் கடிதம் எழுதுவார்கள். சர்க்கரை, மூட்டுவலி பற்றிக் கேட்பவர்கள் அஞ்சலட்டையில் பெயரும் ஊரும் போட்டு எழுதினார்கள். தேமலைப் பற்றிக் கேட்டவை மட்டும் நன்றாக ஒட்டிய உறையில், பெயரில்லாமல் வந்தன. ஒரு தாய் எழுதியிருந்தார்: மூத்த மகளின் முதுகில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், பிறகு இளையவளுக்கும் வரன் வராது, மாத்திரையின் பெயரை ரேடியோவிலேயே சொல்லிவிடுங்கள், ஐயா.

பதில் போட முகவரி இல்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு என்னிடம் சிகிச்சை முடித்த ஒரு தையற்காரரை அழைத்துப் போனேன். அவராகவே சம்மதித்து வந்தார். மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் உடம்பு கறுத்ததையும், அதைப் பார்த்துத்தான் தெருவில் பேச்சு கிளம்பியதையும், சிகிச்சை முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பியதையும் நிதானமாகச் சொன்னார். தீபாவளித் துணிகள் குவிந்து கிடப்பதாகவும் சொன்னார். அடுத்த வாரங்களில் என் அறைக்கு வந்தவர்கள், "அந்த டெய்லர் சாப்பிட்ட மாத்திரை" என்று கேட்டார்கள். கிருமியைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அப்படி யாரும் வந்ததில்லை.

உடம்பைக் கறுக்க வைப்பது அந்த மாத்திரைகளில் ஒன்றான குளோஃபசிமின். இதை முன்கூட்டியே சொல்லாததால் பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் விழிப்புணர்வுப் படங்களோ வளைந்த விரல்களையே திரும்பத் திரும்பக் காட்டின. முதுகில் ஒரு தேமல் மட்டும் இருப்பவர் அதைப் பார்த்து, தனக்கு இருப்பது இது இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார். இல்லையென்றால் பயந்து ஒளிந்துகொள்வார். பயமுறுத்தி யாரையும் மருத்துவமனைக்கு வரவழைக்க முடியாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

என் மாணவப் பருவத்தில் தொழுநோய்ப் பிரிவில் பயிற்சி என்றாலே விடுதியில் பலருக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். மருத்துவம் படிக்க வந்தவர்களுக்கே அவ்வளவு அச்சம்! இந்த நோய்க் கிருமியை ஹான்சன் கண்டறிந்தது 1873இல். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். அப்படியிருந்தும் தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கச் சட்டம் 2019 வரை இடம் கொடுத்தது. 2005 இறுதியில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. பலர் அத்தோடு நோய் ஒழிந்தது என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டவர்தான்.

பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்களையும் நாளை உள்ளூர்ப் பண்பலையோ தொலைக்காட்சியோ அழைக்கும். காசநோயோ, எச்.ஐ.வி.யோ, மனநோயோ, எதைப் பற்றிப் பேசப் போனாலும், மனமுவந்து வரும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். முடிக்கும்போது, மருந்து இலவசம் என்பதையும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றைக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் இரண்டு முறை சொல்லுங்கள். எழுதிக்கொள்ளப் பேனா தேடுகிறவர்கள் இருப்பார்கள்.