மருந்தின் தரம் தொழிலாளியின் உரிமையோடு பிணைந்தது

(பெங்களூரு ஜீவனஹள்ளியில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்தது. அதில் டைஎத்திலீன் கிளைகால் எனும் நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை வெளிப்படுத்தியது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

இந்த நச்சு புதியதன்று. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே நச்சுக்குப் பலியாயினர். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்தனர். மூலப்பொருள் வந்திறங்கும்போதே ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்தால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை.

செயல்திறன் என்றால் குறைந்த ஆட்களைக் கொண்டு அதிக மாத்திரைகளை உற்பத்தி செய்வது என்றே முதலாளிகள் கணக்கிடுகின்றனர். ஆனால் லட்சக்கணக்கான மாத்திரைகளில் சிலவற்றை மட்டுமே இறுதியில் சோதிக்க முடியும். சோதித்த மாத்திரை அழிந்துவிடும். ஆகவே தரம் என்பது கடைசியில் பார்த்துச் சேர்ப்பதன்று. எடை போடுதல், கலத்தல், உலர்த்துதல், இயந்திரத்தைக் கழுவுதல் என ஒவ்வொரு கட்டத்திலும் உருவாக்கப்படுவது. ஒரு பேட்ச் கெட்டால் மூலப்பொருளும் மின்சாரமும் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. முதல் முறையே சரியாகச் செய்வதே உண்மையான செயல்திறன்.

அதற்குப் பயிற்சியும் அனுபவமும் வேண்டும். இன்று வந்து நாளை அனுப்பப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவை எப்படிக் கிட்டும்? தவறு நேர்ந்ததைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் நிலவும் இடத்தில், பேட்ச் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், சோதனை இருக்காது.

மருந்து உற்பத்தி நெறிமுறைகளைக் கூறும் ‘அட்டவணை எம்’ 2023 டிசம்பரில் திருத்தப்பட்டது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அவகாசம் 2025 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. சிறு நிறுவனங்களின் சிரமம் மெய்யே. அதற்குத் தீர்வு அரசின் பொதுச் சோதனைக்கூடங்களும் மலிவுக் கடனுமாகும். குழந்தைகளின் உயிரைப் பணயம் வைக்கும் அவகாசமன்று.

மாற்றுப் பாதை நம் நாட்டிலேயே இருந்தது. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் எழுந்தது. 1961இல் நிறுவப்பட்ட ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியோடு ரிஷிகேஷிலும் ஹைதராபாத்திலும் ஆலைகளை அமைத்தது. 2016 டிசம்பரில் மோடி அரசு முன்னதை விற்கவும் பின்னதை மூடவும் முடிவெடுத்தது. இந்நகரின் பீன்யாவில் இயங்கும் கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ், மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். லாபம் ஈட்டிய அந்நிறுவனமும் பங்கு விற்பனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பொதுத்துறை மருந்து ஆலைகளைப் பாதுகாத்து விரிவுபடுத்த வேண்டும். மருந்து ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பி, ஆய்வறிக்கைகளை மக்கள் முன் வைக்க வேண்டும். உற்பத்திப் பிரிவுகளில் நிரந்தரப் பணி வழங்க வேண்டும். ஐயத்திற்குரிய பேட்சை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளிக்குச் சட்டமாக்க வேண்டும்.

கூலிக்கும் பணிப் பாதுகாப்புக்குமான போராட்டம் தொழிலாளியின் தனிப் போராட்டமன்று, தோழர்களே. மருந்துக் கடையில் குழந்தையோடு நிற்கும் ஒவ்வொரு தாயின் போராட்டமும் அதுவே. இதை ஒவ்வொரு ஆலை வாயிலுக்கும் கொண்டு செல்வோம்.